கேமிங் லேப்டாப்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்? (கேள்வி-பதில்)

வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் "எந்த மாடல் வாங்கலாம்?" என்பதுதான். மாடல் பெயரை நான் சொல்வதில்லை. ஒரே மாடல் பெயருக்குள்ளேயே ரேமும் திரையும் கிராஃபிக்ஸ் கார்டும் மாறி மாறி வருகின்றன; நான் சொன்ன பெயரை நம்பிப் போய் நீங்கள் வேறொன்றை வாங்கிவரக்கூடும். விவரப் பட்டியலில் எந்த வரியில் நிற்க வேண்டும், எதைத் தாண்டிப் போகலாம் என்று தெரிந்துகொள்வதே மேல். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேமையும், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யையும் பெரும்பாலான லேப்டாப்களில் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கிராஃபிக்ஸ் கார்டு, திரை, குளிர்விப்பு மூன்றும் வாங்கிய அன்று எப்படியோ, கடைசிவரை பெரும்பாலும் அப்படியேதான்.

இரண்டு லேப்டாப்களிலும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு. பிராசஸர், ரேம் எல்லாம் ஒன்றே. விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். மலிவானதையே வாங்கிவிடலாம் அல்லவா?

வாங்கலாம், அந்தக் கார்டுக்கு எத்தனை வாட் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்த பிறகு. லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060-ஐ 35 வாட் முதல் 115 வாட் வரை தயாரிப்பாளர் தமக்கு வசதியான அளவில் இயக்கிக்கொள்ளலாம் என்று என்விடியா விட்டிருக்கிறது. இதற்கு மேல், பிராசஸருக்கு அதிக வேலை இல்லாதபோது அதன் பங்கிலிருந்து 25 வாட் வரை கார்டின் பக்கம் திருப்பிவிடும் 'டைனமிக் பூஸ்ட்' என்ற ஏற்பாடும் உண்டு. விளம்பரங்களில் நீங்கள் பார்க்கும் 140 வாட் என்ற எண் இந்த இரண்டின் கூட்டுத்தொகை. மெல்லிய உடலுக்குள் 60 வாட்டில் ஓடும் 4060-க்கும், கனமான உடலுக்குள் முழு வாட்டில் ஓடும் 4060-க்கும் விளையாட்டில் தெரியும் வேறுபாடு சிறியதல்ல. மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் மட்டும் இரண்டிலும் ஒன்றே.

இந்த எண் தயாரிப்பாளரின் இணையதளத்தில், முழு விவரப் பட்டியலில், 'டிஜிபி' என்றோ 'அதிகபட்ச கிராஃபிக்ஸ் மின்திறன்' என்றோ இருக்கும். விற்பனைப் பக்கங்களில் பெரும்பாலும் இருக்காது. கடையில் லேப்டாப் இயங்கிக்கொண்டிருந்தால் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, இடப்பக்கக் கீழ் மூலையில் சிறிய எழுத்தில் உள்ள 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்பதை அழுத்துங்கள். அந்தப் பட்டியலில் வாட் கணக்கு இருக்கும். எதுவுமே கிடைக்காவிட்டால் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 140 வாட் கார்டு என்று சொல்லிவிட்டு 150 வாட் சார்ஜர் கொடுத்திருந்தால், பிராசஸரும் திரையும் மின்விசிறிகளும் எதை வைத்து ஓடும் என்று விற்பவரிடமே கேளுங்கள்.

அதே நேரத்தில் வாட் பைத்தியமும் பிடிக்க வேண்டாம். 4060-ஐப் பொறுத்தவரை 100 வாட்டைத் தாண்டியதும் பலன் சுருங்கிவிடுகிறது. 115-க்கும் 140-க்கும் இடையே விளையாட்டில் தெரியும் வித்தியாசம் சொற்பம். 60-க்கும் 100-க்கும் இடையேதான் பார்க்க வேண்டும். பெரிய பெயருள்ள கார்டைக் குறைந்த வாட்டில் வாங்குவதைவிட, அதற்கு ஒரு படி கீழுள்ள கார்டை முழு வாட்டில் வாங்குவது எனக்குப் பிடிக்கும்.

நண்பரின் மேசைக் கணினியில் ஆர்டிஎக்ஸ் 4070 இருக்கிறது. அதே கார்டு உள்ள லேப்டாப் வாங்கினால் அதே வேகம் வருமா?

வராது. பெயர்தான் ஒன்று. மேசைக் கணினிக்கான 4070-இல் 5,888 கூடா கோர்களும் (கணக்கிடும் சிறு அலகுகள்) 12 ஜிபி நினைவகமும் உள்ளன. லேப்டாப் 4070-இல் 4,608 கோர்கள், 8 ஜிபி. மேலே போகப் போக இடைவெளி இன்னும் விரிகிறது: 4090-இல் அங்கே 16,384, இங்கே 9,728. லேப்டாப் கார்டை லேப்டாப் கார்டோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

6 ஜிபி கார்டு போதுமா? டாஸ்க் மேனேஜரில் 'ஷேர்டு ஜிபியு மெமரி 8 ஜிபி' என்றும் காட்டுகிறது. மொத்தம் 14 ஜிபி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாமா?

அந்தக் கணக்கு காகிதத்தில் மட்டும்தான் சரியாக வரும். லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4050 தன் சொந்த 6 ஜிபி நினைவகத்திலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 192 ஜிபி வேகத்தில் தரவை எடுக்கிறது. 'ஷேர்டு' என்று காட்டுவது உங்கள் சாதாரண ரேமின் ஒரு பகுதி. அங்கிருந்து கார்டுக்கு வரும் பாதையில் நொடிக்குச் சுமார் 16 ஜிபிதான் வரமுடியும். பன்னிரண்டில் ஒரு பங்கு. சொந்த நினைவகம் நிரம்பி அந்தப் பாதையை நம்பவேண்டிய நிலை வந்ததும் விளையாட்டு திக்கித் திக்கி ஓடும். சராசரி எஃப்.பி.எஸ். (நொடிக்கு எத்தனை பிரேம்கள், அதாவது படங்கள்) பார்க்க நன்றாகவே இருக்கும். ஒரு திருப்பத்தில் சட்டென்று அரை நொடி உறையும். சில விளையாட்டுகள் உறைவதற்குப் பதிலாகச் சுவர்களையும் முகங்களையும் மங்கலாகக் காட்டிச் சமாளிக்கும்.

அப்படி நடந்தால் முதலில் குறைக்க வேண்டியது டெக்ஸ்சர் (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) அமைப்பை. நிழலையோ தண்ணீரையோ அல்ல. 'அல்ட்ரா'விலிருந்து 'ஹை'க்கு இறக்கினால் கண்ணுக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது, நினைவகம் மூச்சுவிடும். ஒளியின் போக்கைக் கணக்கிடும் ரே டிரேசிங்கும், இடையே பிரேம்களைத் தானே உருவாக்கிச் செருகும் பிரேம் ஜெனரேஷனும் தாமே கொஞ்சம் நினைவகத்தை விழுங்குகின்றன என்பதையும் மனத்தில் வையுங்கள்.

வரும் ஆண்டுகளின் பெரிய விளையாட்டுகளும் வேண்டும் என்றால் 8 ஜிபியைக் குறைந்தபட்சமாக வையுங்கள். இதில் எரிச்சலூட்டும் விஷயம், லேப்டாப்பில் 4060, 4070, 5060, 5070 எல்லாமே 8 ஜிபியில் அறிமுகமானவை. 4060-இலிருந்து 4070-க்குத் தாவக் கூடுதல் பணம் கொடுத்தால் வேகம் சற்று ஏறும், நினைவகம் ஒரு துளிகூட ஏறாது. 12 ஜிபி வேண்டுமென்றால் 4080 அல்லது 5070 டிஐ வரை போக வேண்டும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 4060 அல்லது 5060-இலேயே நின்று, மிச்சத்தை நல்ல திரைக்குச் செலவிடலாம்.

புதிய கார்டில் 'நான்கு மடங்கு எஃப்.பி.எஸ்.' என்று விளம்பரம் செய்கிறார்கள். உண்மையா?

அந்த வரைபடத்தின் அடிக்குறிப்பைப் படியுங்கள். பிரேம் ஜெனரேஷன் இயங்கும் நிலையில் எடுத்த எண்ணாக இருக்கும். ஆர்டிஎக்ஸ் 40 வரிசை உண்மையான இரண்டு பிரேம்களுக்கு நடுவே ஒன்றைத் தானே வரைந்து செருகும். 50 வரிசை அறிமுகமானபோதே மூன்று வரை செருகியது. படம் வழுவழுப்பாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால் மவுஸை அசைத்தால் விளையாட்டு பதில் சொல்லும் வேகம் உண்மையான பிரேம்களைப் பொறுத்தது. 30 உண்மைப் பிரேம்களை 120-ஆகக் காட்டினாலும் கைக்கு அது 30-ஆகத்தான் இருக்கும். 60-ஐ 120 ஆக்குவது நல்ல பயன்பாடு. 25-ஐ 100 ஆக்குவது கண்கட்டு.

ஒரே விலையில் கோர் ஐ9 + ஆர்டிஎக்ஸ் 4050, கோர் ஐ5 + ஆர்டிஎக்ஸ் 4060. எது?

இரண்டாவது. யோசிக்கவே வேண்டாம். கதை சார்ந்த பெரிய விளையாட்டுகளில் முட்டுக்கட்டையாக நிற்பது கிராஃபிக்ஸ் கார்டுதான். ஐ9 இருந்தும் பாதி நேரம் கார்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் உடலையும் சூடாக்கும்.

விதிவிலக்கு உண்டு. முழு எச்.டி. (1920×1080) திரையில் 200 எஃப்.பி.எஸ்.ஸுக்கு மேல் எதிர்பார்க்கும் போட்டி விளையாட்டுகள், ஆயிரக்கணக்கான பாத்திரங்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் நகர நிர்மாண, போர்த்தந்திர விளையாட்டுகள் ஆகியவற்றில் பிராசஸரின் கை ஓங்கும். உங்கள் மாலைப்பொழுதுகள் அவற்றிலேயே கழிகின்றன என்றால் பிராசஸருக்குக் கொஞ்சம் சாய்ந்து கொடுங்கள்.

இன்னொன்று: ஐ7, ஐ9, ரைசன் 7 என்ற முன்பாதியைவிட, பின்னால் வரும் எண்ணும் எழுத்தும் முக்கியம். 'யூ' என்று முடிந்தால் மின்சாரத்தைச் சிக்கனம் செய்யப் பிறந்தது. 'எச்', 'எச்எஸ்', 'எச்எக்ஸ்' என்று முடிவன விளையாட்டுக்கு ஏற்றவை. ஏஎம்டியின் 7000 வரிசை லேப்டாப் எண்களில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள், அதுதான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் தலைமுறை. ஏஎம்டி தன் வடிவமைப்புகளுக்கு வைத்த பெயர் 'ஜென்'. ரைசன் 7 7735எச்எஸ் என்பதில் 3 இருக்கிறது, அதாவது ஜென் 3+. ரைசன் 7 7840எச்எஸ் என்பதில் 4, அதாவது ஜென் 4. இரண்டும் 'ரைசன் 7', இரண்டும் 7000 வரிசை, ஆனால் ஒன்று மற்றதைவிட ஒரு தலைமுறை பழையது. ரைசன் 5 7520யூ வெளிவந்தபோது அதற்குள் இருந்தது ஜென் 2.

16 ஜிபி ரேம் ஒரே துண்டாக இருப்பது நல்லதா, 8 + 8 நல்லதா?

விளையாட்டுக்கு 8 + 8. இரண்டு துண்டுகள் இருந்தால் பிராசஸருக்கு நினைவகத்தோடு பேச இரண்டு வழிகள் கிடைக்கும். ஒற்றைத் துண்டில் ஒன்றை மூடிவிட்ட மாதிரி. இழப்பு சராசரி எஃப்.பி.எஸ்.ஸைவிடக் கூட்டமான சண்டைக் காட்சிகளில் விழும் அடிமட்ட எஃப்.பி.எஸ்.ஸில் அதிகம் தெரியும். ஆனால் ஒற்றை 16 ஜிபி துண்டோடு வரும் லேப்டாப்பை ஒதுக்க வேண்டாம். அதேபோல் இன்னொரு 16 ஜிபி வாங்கிச் செருகினால் 32 ஜிபி ஆகிவிடும், இரண்டு வழிகளும் திறந்துவிடும்.

செருக இடம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'மெமரி'யை அழுத்தினால், வலப்பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2' என்பதுபோல் காட்டும். எல்பிடிடிஆர்5எக்ஸ் ரேம் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைத்தது. வாங்கும்போது எவ்வளவோ அவ்வளவுதான். அத்தகைய லேப்டாப்பை 16 ஜிபிக்குக் குறைந்து வாங்கவே வேண்டாம்.

எஸ்.எஸ்.டி. 512 ஜிபி போதுமா? பிசிஐஇ 4-ஆம் தலைமுறை வேண்டுமா, 5-ஆம் தலைமுறை வேண்டுமா?

100 ஜிபியைத் தாண்டும் விளையாட்டுகள் இப்போது சாதாரணம். விண்டோஸ் போக 512-இல் மூன்று நான்கு பெரிய விளையாட்டுகள் அடங்கும். பரவாயில்லை, எஸ்.எஸ்.டி. செருகும் காலி எம்.2 இடம் ஒன்று இருந்தால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 5-ஆம் தலைமுறைக்கு (பிசிஐஇ என்பது எஸ்.எஸ்.டி. இணையும் பாதை) விளையாட்டுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். அந்தப் பாதையில் ஓடும் வேகமான வகையான என்விஎம்இ-யாக இருந்தால் சரி.

திரை: முழு எச்.டி. 144 ஹெர்ட்ஸ், அல்லது 2560×1600 165 ஹெர்ட்ஸ். கார்டு ஆர்டிஎக்ஸ் 4050.

முழு எச்.டி. திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள், 2560×1600-இல் 41 லட்சம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேலை, கார்டு அதே கார்டு. 4050-க்கு முழு எச்.டி.யே பொருத்தம். ஆனால் அந்த முழு எச்.டி. திரை எத்தகையது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். விவரப் பட்டியலில் '45% என்டிஎஸ்சி' (வண்ண அளவு), '250 நிட்' (வெளிச்ச அளவு) என்று இருந்தால் அது வெளிறிய திரை; சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும், பகல் வெளிச்சத்தில் இருட்டுக் காட்சிகளில் எதிரியைத் தேடவேண்டியிருக்கும். '100% எஸ்ஆர்ஜிபி' (இன்னொரு வண்ண அளவு), 300 நிட்டும் அதற்கு மேலும் இருந்தால் தைரியமாக வாங்கலாம். உயர்ந்த தெளிவுள்ள திரை மட்டும்தான் நல்ல வண்ணத்தோடு வருகிறது என்றால் அதையே எடுத்துக்கொண்டு, விளையாட்டில் டிஎல்எஸ்எஸ் (குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் என்விடியா வசதி) போட்டு ஓட்டுவது தேவலை.

'மக்ஸ் சுவிட்ச்' இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இல்லாத லேப்டாப்களில் கிராஃபிக்ஸ் கார்டு வரைந்த படம் நேராகத் திரைக்குப் போகாமல் பிராசஸருக்குள் இருக்கும் சிறிய கிராஃபிக்ஸ் வழியாகச் சுற்றிப் போகிறது. எஃப்.பி.எஸ். உயர உயர அந்தச் சுற்றுவழியின் இழப்பும் கூடும்.

பேட்டரியில் விளையாட முடியுமா?

பேட்டரியில் படிக்கலாம், படம் பார்க்கலாம். விமானத்தில் எடுத்துச் செல்லும் விதிகளுக்காக லேப்டாப் பேட்டரிகள் 100 வாட்-மணிக்குள் நிறுத்தப்படுகின்றன, 99.9 என்று வினோதமான எண்ணைப் பார்ப்பது அதனால்தான். கார்டும் பிராசஸரும் சேர்ந்து 180 வாட் கேட்டால் அது அரை மணி நேரத்துச் சமாச்சாரம். அதற்கு விடாமல் லேப்டாப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 100 வாட் டைப்-சி சார்ஜரும் இதே கதைதான்: பயணத்தில் அலுவலக வேலைக்கு உதவும், விளையாட ஆரம்பித்தால் சார்ஜ் ஏறுவதற்குப் பதில் இறங்கலாம்.

பிறகு கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் மாற்றிக்கொள்ள முடியுமா?

பெரும்பாலும் முடியாது. பற்றவைத்தது.

விளையாடும்போது பிராசஸர் 95 டிகிரி காட்டுகிறது. வாங்கி நான்கு நாள்தான் ஆகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். லேப்டாப் பிராசஸர்களின் வெப்ப எல்லை மாடலைப் பொறுத்து பெரும்பாலும் 95 முதல் 110 டிகிரி வரை வைக்கப்பட்டிருக்கிறது. கனமான விளையாட்டில் அதன் அருகே போவது வடிவமைப்பில் எதிர்பார்த்ததே. கார்டின் வெப்பம் 80-களின் நடுப்பகுதியைத் தாண்டாமல் இருந்தால் அதுவும் சரி.

பார்க்க வேண்டியது வேறு. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டு, சார்ஜரைச் செருகி, கனமான விளையாட்டு ஒன்றில் ஒரே இடத்தில் நின்று ஐந்தாவது நிமிடத்தில் எஃப்.பி.எஸ்.ஸையும் கார்டு இழுக்கும் வாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் விளையாடிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பி மறுபடி பாருங்கள். இரண்டு எண்களும் ஏறக்குறைய அப்படியே இருந்தால் 95 டிகிரியை மறந்துவிடலாம். கார்டு 110 வாட்டில் தொடங்கி 75-க்கு இறங்கி, எஃப்.பி.எஸ்.ஸும் கூடவே சரிந்திருந்தால் குளிர்விப்பு அந்தக் கார்டுக்குப் போதவில்லை. பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்து, லேப்டாப்பின் 'பெர்ஃபார்மன்ஸ்' முறை (முழு வேக அமைப்பு) இயங்குகிறதா என்று சரிபார்த்து, மறுபடி சோதியுங்கள். அப்போதும் சரிந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். இரண்டு எண்களும் தெரியும்படி எடுத்த படங்களைக் கையோடு கொண்டு போங்கள், வாக்குவாதம் குறையும்.