தாத்தா ஏறாத கப்பல்கள்

கேள்வி: எங்கம்மாவோட அப்பா ரெண்டாம் உலகப் போர்ல நேவியில இருந்தாரு. அவரோட சர்வீஸ் பேப்பர் பாட்டி டிரங்குப் பெட்டியில கெடச்சுது. பகதூர், தல்வார், நர்பதா, டல்ஹௌசின்னு நாலு பேரு தேதியோட இருக்கு, நாலு கப்பல்ல சுத்துனாருன்னு மாமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்காரு. 'டெல்', 'வி.ஜி.', 'சாட்'னு வேற கிறுக்கியிருக்கு. 1946 மே மாசம் வெளிய வந்தாரு, அந்த வருஷக் கலகத்துல டிஸ்மிஸ் ஆனாருன்னு ஊர்ல ஒரு பேச்சு. எது நிஜம்?
- வாசகி, செம்பூர்

பதில்: மாமாகிட்ட கொஞ்சம் பக்குவமா சொல்லுங்க, நாலுல ஒண்ணுதான் தண்ணியில மெதந்துச்சு. மிச்சம் மூணும் கட்டடம்! கரையில வேல பாக்குறவனையும் ஏதாவது ஒரு கப்பல் கணக்குலதான் எழுதணும்ங்கறது பிரிட்டிஷ் நேவி வழக்கம், அதனால ஆளுங்க தங்குற பேரக்ஸ், ஸ்கூல் எல்லாத்துக்கும் கப்பல் பேரு வெச்சிட்டாங்க, அவங்களே கிண்டலா கல்லுக் கப்பல்னு சொல்லுவாங்க. பகதூர் கராச்சியில பசங்களுக்கான டிரெய்னிங். தல்வார் நம்ம கொலாபாவுல சிக்னல் ஸ்கூல். டல்ஹௌசின்னா ஃபோர்ட்ல இருக்கிற காசில் பேரக்ஸ், இன்னிக்கு ஐ.என்.எஸ். ஆங்ரே. ஆத்துப் பேரா இருந்தா நெஜக் கப்பல்னு ஓரளவு நம்பலாம், காவேரி, கோதாவரி, ஜம்னா, சட்லெஜ் எல்லாம் போர்க்கப்பல்தான், ஆனா அடையார்னு பாத்துட்டு ஏமாந்துராதீங்க, அது மெட்ராஸ்ல கரையில இருந்த ஆபீஸ்.

நர்பதாங்கறது நர்மதைதான், அன்னிக்கு ஸ்பெல்லிங் அப்படி. நீங்க அனுப்புன போட்டோவுல அந்த வரியில 1944 அக்டோபர்லேர்ந்து 45 ஜூன் வரைக்கும்னு தெளிவா இருக்கு. நான் அந்த வரிய ரெண்டு தடவ படிச்சேன். ஏன்னா 1945 ஜனவரியில பர்மாவோட அரக்கான் கரையில, மயேபோன்ல படைங்க எறங்குனப்ப பீரங்கி அடிச்சு வழி பண்ணிக் குடுத்த கப்பல்கள்ல நர்பதா உண்டு, ஜம்னாவும் உண்டு. 'டெல்'னா டெலிகிராஃபிஸ்ட், வயர்லெஸ் ஆளு. அப்ப உங்க தாத்தா காதுல ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு மோர்ஸ் எழுதிக்கிட்டிருந்திருப்பாரு, வெளிய என்ன நடக்குதுன்னு பாத்திருக்கவே மாட்டாரு, பாவம். பெட்டியில நட்சத்திர மெடல் இருந்தா ரிப்பனப் பாருங்க: நடுவுல அகலமா செவப்பு, ரெண்டு பக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்குள்ள ஆரஞ்சுக் கோடுன்னா பர்மா ஸ்டார். கராச்சியிலயும் பாம்பேலயும் கரையிலயே இருந்தவங்களுக்கு அது கெடைக்காது.

'வி.ஜி.' நடத்தைக்கு, வெரி குட், அதுக்கு மேல மார்க் கெடையாது. 'சாட்' வேலத் திறமைக்கு, சாட்டிஸ்ஃபாக்டரி. பாட்டிக்கு மனசு கஷ்டமா இருந்தா அது ஃபெயில் மார்க் இல்லன்னு சொல்லுங்க.

இப்ப கலகம், அதாவது நேவியில இருந்த நம்ம ஆளுங்க வெள்ளக்கார அதிகாரிங்கள எதிர்த்துக் கெளம்புனது. 1946 பிப்ரவரி 18 தல்வார்லதான் ஆரம்பிச்சுது, மட்டமான சாப்பாடு, வெள்ளக்கார அதிகாரியோட திட்டு. ஊர்க்காரங்க 'தல்வார்'ங்கற பேரப் பாத்துட்டு முடிச்சுப் போட்டிருப்பாங்க. ஆனா பேப்பர்படி அவரு அப்ப டல்ஹௌசியில. அதனால கலகத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லன்னு தப்பிக்கவும் முடியாது, 21ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்ததே அந்த காசில் பேரக்ஸ்லதான். உள்ள இருந்தாரா, சுட்டாரா, கட்டிலுக்கு அடியில படுத்திருந்தாரான்னு ஒத்த வரி இருக்காது. மே மாசம் போனதையும் பெருசா எடுக்காதீங்க, போர் முடிஞ்சு அந்த வருஷம் ஆயிரக்கணக்குல ஆளுங்கள வீட்டுக்கு அனுப்புனாங்க. கடைசியில வெளியேறுன காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். 'ரிலீஸ்'னா சாதாரணமா அனுப்புனது, 'சர்வீசஸ் நோ லாங்கர் ரிக்வயர்ட்'னா வேண்டாம்னு அனுப்புனது. உங்க போட்டோவுல அந்த எடம் மடிப்புல கிழிஞ்சு போயிருக்கு.

அதுக்கு நேவியோட ப்யூரோ ஆஃப் செய்லர்ஸுக்கு சர்வீஸ் நம்பர் போட்டு எழுதிக் கேளுங்க. தாத்தா பேர ரேஷன் கார்டுல இருக்கிற மாதிரி எழுதாதீங்க, அந்தப் பேப்பர்ல எப்படித் தப்பா இருக்கோ அப்படியே எழுதுங்க. ஆபீஸ் மான்குர்த் சீட்டா கேம்ப்ல, செம்பூர்லேர்ந்து ரெண்டாவது ஸ்டேஷன்.