காக்டெயில் (cockatiel) பறவை கேள்வி பதில்: வீடு நிறைய ஆள், கூண்டில் தனி ஆள்

திருச்சி: வீட்டில் ஐந்து பேர். பள்ளி, ஆபீஸ், டியூஷன் என்று ஓட்டம். எட்டு மாதக் காக்டெயில், நாங்கள் செருப்பு மாட்டினாலே அலறுகிறது.

அது அடம் இல்லை. ஆஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் கூட்டமாகத் திரியும் இனம். கண்ணுக்கு மறைந்தவரைக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் சத்தம் ஏறும். அதட்டினால் பயம்தான் கூடும். வீட்டில் எல்லோரும் ஒரே விசிலைப் பழகுங்கள். அது மெதுவாகக் கூப்பிடும்போதே அடுக்களையிலிருந்தோ மாடியிலிருந்தோ பதில் கொடுங்கள். அலறும்போது ஓடிப் போகாதீர்கள். என் பறவைக்கு இது பழக மூன்று வாரம் ஆனது.

கூண்டை ஹாலில், சுவரை ஒட்டி வையுங்கள். பிள்ளைகள் ஹோம்வொர்க் எழுதும்போது தோளில் இருக்கட்டும். நாள் முழுக்கக் கொஞ்ச வேண்டாம், நடுவில் இருந்தாலே அதற்கு நிம்மதி. ஆனால் டிவி ஓடும் ஹாலில் தூங்க முடியாது. 10 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும்; பொழுது சாய்ந்ததும் இருட்டறைக்கு மாற்றுங்கள். வெளியே விடும் முன் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள்.

சேலம்: ஜோடி வாங்கலாமா?

பகலில் வீடு பூட்டியே கிடந்தால் கட்டாயம் வாங்குங்கள். புதியதை ஒரு மாதமாவது தனி அறையில் வைத்துப் பிறகு பழக்குங்கள், நோய் ஒட்டாமல் இருக்க.

மதுரை: பச்சைக்கிளி இன்னும் நன்றாகப் பழகுமாமே?

நம்மூர்க் கிளியை வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வாங்காதீர்கள்.

நெல்லை: ஒன்றுக்குத் துணை வேண்டுமா?

சேலத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கோவை: ஃபேனுக்கு ஏன் இவ்வளவு பயம்? சிறகை வெட்டினால் முடிந்தது. பத்து வருடமாக வெட்டுகிறேன்.

ஒப்புக்கொள்ள மாட்டேன். வெட்டினாலும் திடுக்கிட்டால் எழும்பும். திசை மாற்றவும் மெதுவாக இறங்கவும்தான் முடியாது. அப்படி விழுந்து மார்பில் அடிபட்ட பறவையைக் கையில் ஏந்தியிருக்கிறேன். பிள்ளைகள் ஓடும் வீட்டில் காலடியிலிருந்து தப்பிக்க அதற்கு இருப்பது சிறகுதான்.

வேலூர்: கோவைக்காரர் சொல்வது சரி. எங்களுடையது ஜன்னல் வழியே போய்விட்டது.

கேட்கவே வருத்தமாக இருக்கிறது. ஜன்னலுக்குக் கொசுவலை அடியுங்கள். வெட்டிய சிறகு மறுபடி முளைக்கும். பறக்காது என்று நம்பிக் கதவைத் திறந்து வைத்த வீட்டிலிருந்தும் பறவை போயிருக்கிறது.

கோவை: அப்படியானால் ஃபேன்?

நிறுத்துங்கள். மூன்றாவது முறை சொல்ல வைக்காதீர்கள்.

தஞ்சாவூர்: துணைக்கு இன்னொன்று...

சேலம் பதில்.

ஈரோடு: அம்மா தோசை ஊற்றும்போது தோளை விட்டு இறங்கவே மாட்டான்.

இன்றைக்கே நிறுத்துங்கள். நான்ஸ்டிக் கல் அளவுக்கு மேல் காய்ந்தால் வரும் புகை நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். அடுப்பு எரியும்போது அவன் அடுக்களைக் கதவுக்கு வெளியே, பாட்டியின் மடியில் இருக்கட்டும்.