கையில காசு கம்மி, வீட்டுல பண்டிகை: அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, இவருக்கு வேலை மாறினதுல சம்பளம் பாதியா குறைஞ்சுபோச்சு. பசங்க ரெண்டு பேரும் கிறிஸ்துமஸுக்கு ட்ரீ எப்போ வைப்போம், ஸ்டார் எப்போ கட்டுவோம்னு தினமும் கேக்குறாங்க. வாடகை வீடு, சின்ன ஹால், ஆணி அடிக்கக்கூட முடியாது. கடைக்குள்ள போகவே பயமா இருக்கு. என்ன பண்ணட்டும்?
- ரெண்டு பசங்களோட அம்மா

பதில்: முதல்ல கடைக்குப் போகாதீங்கம்மா. பரண் மேல இருக்குற பழைய பெட்டியை இறக்கி பசங்களோட உக்காந்து எல்லாத்தையும் தரையில பரப்புங்க. போன வருஷம் என்ன வாங்கினோம்னு பாதி ஞாபகமே இருக்காது, அதனாலதான் வருஷா வருஷம் அதே கலர் பந்தையும் அதே ஜிகினாவையும் திரும்பத் திரும்ப வாங்குறோம். என்ன இருக்குன்னு எழுதினதுக்கு அப்புறம்தான் என்ன இல்லைன்னு தெரியும்.

அடுத்தது, வீடு முழுக்க அலங்காரம் பண்ண நினைக்காதீங்க. ஹால்ல ஒரே ஒரு மூலை, இல்லன்னா ஒரு ஜன்னல், அது போதும். இருக்குற பத்து பொருளை பத்து இடத்துல வச்சா எதுவுமே கண்ணுல படாது, அதையே ஒரே இடத்துல சேர்த்து வச்சுப் பாருங்க, உள்ள வர்றவங்க அங்கதான் நிப்பாங்க. ட்ரீ வாங்கியே ஆகணும்னும் இல்ல. காய்ஞ்ச கிளை ஒண்ணை மண்ணு போட்ட தொட்டியில நட்டு விளக்கு சுத்தலாம். அதுவும் முடியலன்னா சுவத்துல மாஸ்கிங் டேப் வச்சு சீரியல் லைட்டை முக்கோணமா ஒட்டிடுங்க, ஆணியே வேண்டாம், பாத்து எடுத்தா பெயின்ட்டும் பெரும்பாலும் உரியாது, ஒரு ஓரத்துல ஒட்டிப் பாத்துட்டு மத்ததை ஒட்டுங்க.

ஜன்னலுக்கு ஒரு ஸ்டார் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது. பட்டம் செய்யுற மெல்லிசு பேப்பர்ல ஒரே அளவுல 8 சதுரம் வெட்டிக்கோங்க. ஒவ்வொண்ணையும் மூலைக்கு மூலை மடிச்சுப் பிரிச்சா நடுவுல ஒரு கோடு விழும், அந்தக் கோட்டோட ஒரு முனையில சேருற ரெண்டு ஓரத்தையும் கோட்டு மேல மடிச்சுக் கொண்டுவந்தா பட்டம் மாதிரி ஒரு வடிவம் வரும். கூர் முனை வெளிய, அகல முனை நடுவுலன்னு வச்சு, ஒண்ணோட ஓரம் முன்னாடி வச்சதோட நடுக்கோட்டு மேல உக்காருற மாதிரி எட்டையும் ஒட்டிட்டே வாங்க, கடைசியா வச்சதோட ஒரு பாதியை முதல்ல வச்சதுக்கு அடியில சொருகிடணும். ஜன்னல்ல ஒட்டினா, பேப்பர் ரெண்டு அடுக்கா இருக்குற இடம் வெளிறியும் மூணு நாலு அடுக்கு விழுந்த இடம் அடர்த்தியாவும் ஒரே கலர்லயே பல சாயல் தெரியும். சின்னவனுக்கு முதல் ரெண்டு கோணலா வரும், அதையும் ஒட்டுங்க.

இன்னொண்ணு சொல்லணும். நம்ம ஆசையா வாங்குற கண்ணாடிப் பந்துக்கே ஒரு கதை இருக்கு. ஜெர்மனியில லௌஷான்னு கண்ணாடி ஊதுறவங்க ஊர் ஒண்ணு, அங்க ஒருத்தர் ட்ரீயில தொங்கவிட ஆப்பிளும் கொட்டையும் வாங்கக் காசில்லாம அதையே கண்ணாடியில ஊதிட்டார்னு சொல்லுவாங்க. பசங்க கேட்டா இந்தக் கதையைச் சொல்லுங்க.

கேள்வி: பழைய சீரியல் லைட்டே எரியுது, எல்இடி மாத்தினா நிஜமாவே மிச்சமாகுமா அக்கா?

பதில்: குண்டு பல்பு வகைன்னா மிச்சமாகும். 100 சின்ன பல்பு இருக்குற பழைய சரம் சுமார் 40 வாட் இழுக்கும், அதே நீளத்துக்கு எல்இடி 7 வாட்டுக்குள்ள அடங்கிடும். தினம் 6 மணி நேரம், 30 நாள் எரிஞ்சா பழசு 7 யூனிட்டுக்கு மேல, எல்இடி ஒரு யூனிட்டு சொச்சம். ஒரே சரம்னா பெரிய தொகை இல்ல, அதுக்காக ஓடிப்போய் மாத்த வேண்டாம், நாலஞ்சு சரம் போடுறவங்க மாத்துங்க. ஆனா வயர் உரிஞ்சிருந்தாலோ பிளக் சூடானாலோ அதைத் தூக்கிப் போட்டுருங்க, அதுல சிக்கனம் பாக்காதீங்க, பேப்பர் அலங்காரம் பக்கத்துல இருக்கு, ராத்திரி தூங்கப் போகும்போது ஸ்விட்சை அணைச்சுடுங்க. முழுச் சரமும் அணைஞ்சா, பல்பை ஒவ்வொண்ணா கழட்டி மாட்டுற டைப்பா இருந்தா, பிளக்கை உருவிட்டு அழுத்திப் பாருங்க, பல நேரம் ஏதாவது ஒண்ணு லூசா இருக்குறதுதான் காரணம்.

கேள்வி: எங்க குடும்பத்துல அண்ணன் தம்பி, நாத்தனார், கொழுந்தன்னு பெரியவங்க மட்டும் 8 பேர். எல்லாருக்கும் கிஃப்ட் வாங்கினா ஜனவரி முழுக்க கடன்தான். யார் மனசும் நோகாம எப்படிக் குறைக்குறது?
- மூத்த மருமகள்

பதில்: 8 பேரும் மத்த 7 பேருக்கு வாங்கினா மொத்தம் 56 கிஃப்ட்! சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஒருத்தர் பேரை எடுத்தா 8 தான். இவ்வளவுக்கு மேல போகக் கூடாதுன்னு தொகையையும் எல்லாரும் சேர்ந்து முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. நீங்க மூத்தவங்க, நீங்களே குரூப்ல இதைச் சொன்னா மத்தவங்களுக்கு நிம்மதியா இருக்கும், ஏன்னா இந்தக் கவலை அவங்களுக்கும் இருக்கும், வாய்விட்டுச் சொல்லத்தான் யோசிப்பாங்க. எப்பச் சொல்றீங்கங்கறது முக்கியம், யாராவது வாங்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் சொன்னா வருத்தம் வரும், அதனால இந்த வாரமே பேசிடுங்க.

லிஸ்ட்டை ஆள் பேர் போட்டு எழுதுங்க, பொருள் பேர் போட்டு இல்ல. 50 சதவீதம் தள்ளுபடின்னு பாத்ததும் கை போகும், லிஸ்ட்டுல பேர் இல்லாத பொருளை பாதி விலைக்கு வாங்கினாலும் அந்தப் பாதியும் செலவுதான். கிரெடிட் கார்டுல வாங்கிட்டு மினிமம் மட்டும் கட்டிக்கலாம்னு நினைக்காதீங்க, பாக்கிக்கு மாசாமாசம் வட்டி ஏறும், கிஃப்ட் உடைஞ்சப்புறமும் அந்த வட்டி ஓடிட்டே இருக்கும்.

கேள்வி: சுத்துற பேப்பருக்கே இவ்வளவு விலையா? நியூஸ்பேப்பர்ல சுத்தினா அசிங்கமா இருக்குமா?

பதில்: இருக்காது, பழுப்புப் பேப்பரோ நியூஸ்பேப்பரோ, சிவப்பு நூல் ஒண்ணு கட்டிப் பாருங்க. பூப்போட்ட கிஃப்ட் பேப்பர் பழக்கமே ஒரு தட்டுப்பாட்டுல வந்ததுதான். 1917ல அமெரிக்காவுல கன்சாஸ் சிட்டியில ஹால் சகோதரர்கள் கடையில டிஷ்யூ பேப்பர் தீர்ந்துபோய், கவருக்கு உள்பக்கம் ஒட்டுற பிரெஞ்சுப் பேப்பரை எடுத்து வித்தாங்க, அது பிச்சிக்கிட்டுப் போச்சு. ஜப்பான்ல துணியில முடிஞ்சு குடுப்பாங்க, ஃபுரோஷிகின்னு பேரு, அந்தத் துணியை மறுபடி பயன்படுத்தலாம். உங்க கிட்ட கிழியாத பழைய துப்பட்டா இருந்தா சதுரமா வெட்டி ஓரம் தைச்சுக்கோங்க. அடுத்த வருஷத்துக்கு ரிப்பன், பந்து ஏதாவது வேணும்னா பண்டிகை முடிஞ்ச மறுநாள் போய்ப் பாருங்க, மிச்சம் இருக்குறதை விலை குறைச்சுத் தள்ளுவாங்க, ஆனா அப்பவும் பெட்டியில என்ன இருக்குன்னு எழுதின அந்தச் சீட்டைக் கையில எடுத்துட்டுப் போங்க.