ஒஸ்லோக் கரையில் கிடைக்கும் கையளவு மீன்: புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பி,

வேலை முடிந்த மாலைகளில் கரையோரத் துறையில் தூண்டில் போடத் தொடங்கியிருப்பதாகவும், கையளவு மீன்கள் அரை வாளி சேர்ந்தபோது பக்கத்தில் நின்ற நோர்வேக்காரர் ஒருவர் அவற்றைக் கடலில் விடும்படி சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். கடலில் தூண்டில் போட அனுமதிச்சீட்டே தேவைப்படாத நாட்டில், அவர் அப்படிச் சொன்னது சட்டத்தினாலா, நாம் வெளிநாட்டவர் என்பதாலா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வாளியில் இருந்தவை தொர்ஸ்க் (ஆங்கிலத்தில் cod) மீன்கள் என்றால், அவர் சொன்னது சட்டம். அதைச் சொன்ன விதம் கடுமையாக இருந்திருக்கலாம். அதற்காக அவர் சொன்ன செய்தியைத் தள்ளிவிட வேண்டாம்.

உப்புநீரில் தூண்டில் போடக் கட்டணமோ சீட்டோ இல்லை என்று நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். ஆனால் சீட்டு இல்லை என்பதால் வரம்பும் இல்லை என்று நம்மவர் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நோர்வேயின் தென்பகுதியில் 40 சென்ரிமீற்றருக்குக் குறைந்த தொர்ஸ்க்கை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உயிர் பிழைக்கக்கூடிய நிலையில் இருந்தால் அது திரும்ப நீருக்குள் போக வேண்டும். 40 சென்ரிமீற்றர் என்பது ஏறக்குறைய இரண்டு சாண். நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடற்பகுதியாகிய உங்கள் ஒஸ்லோ ஃபியோட்டிலோ அதற்கும் மேலான தடை ஒன்று உண்டு. 2019 ஜூன் 15 முதல், ஸ்வீடன் எல்லையிலிருந்து தெலமார்க் வரையான கரையோரக் கடலில், எந்த அளவுத் தொர்ஸ்க்கையும் ஆண்டு முழுவதும் பிடிக்கக் கூடாது. தற்செயலாகத் தூண்டிலில் ஏறிவிட்டால் காயப்படுத்தாமல் விட்டுவிட வேண்டும்.

இந்தத் தடையின் காரணம் நம்மவர் மனதில் எளிதில் பதிவதில்லை, ஏனென்றால் சிறுமீன் பற்றிய நம் பழக்கம் வேறு கடலில் உருவானது. யாழ்ப்பாணத்தில் சூடையையும் நெத்தலியையும் பொரித்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த மீன்கள் அந்த அளவிலேயே முழு வளர்ச்சி பெற்றவை. ஓராண்டுக்குள் முட்டையிடும் வயதை அடைந்துவிடுபவை. கூட்டம் கூட்டமாகப் பெருகுபவை. ஒஸ்லோக் கரையில் உங்கள் கைக்குக் கிடைப்பது சிறுமீன் இனம் அன்று. ஒரு மீற்றருக்கு மேலும் வளரக்கூடிய பெரிய மீனின் குஞ்சு அது. குளிர்காலத்தின் முடிவில் ஆழத்தில் இடப்படும் முட்டைகளிலிருந்து வரும் குஞ்சுகள், கோடையில் கரையோரக் கடற்புல்லுக்குள்ளும் பாசிக்குள்ளும் வந்து ஒதுங்குகின்றன. இரை கிடைப்பதும் பெரிய மீனிடமிருந்து மறைவு கிடைப்பதும் அங்கேதான். துறையில் நின்று நாம் தங்கூசி எறியும் இடமும் அதுவேதான். இரண்டு, மூன்று ஆண்டுகள் உயிர் தப்பினால் ஒரு பருவத்தில் இலட்சக்கணக்கில் முட்டையிடக்கூடிய மீனை, ஒரு முறைகூட முட்டையிடாத வயதில், ஒரு பொரியலுக்காக எடுத்துவிடுகிறோம்.

நோர்வேயில் இது வெறும் ஊகமாக இல்லை. அறெண்டால் நகருக்கு அருகே ஃப்ளோதவீகன் என்ற இடத்தில், தொர்ஸ்க் குஞ்சு பொரித்துக் கடலில் விடுவதற்காக 1882இல் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. இன்று அது கடலாய்வு நிறுவனத்தின் ஆய்வுநிலையம். அங்குள்ளவர்கள் 1919 முதல் இலையுதிர்காலம்தோறும் தெற்குக் கடற்கரையின் குறிப்பிட்ட இடங்களில், நம் ஊர்க் கரைவலையைப் போன்ற ஒரு வலையை இழுத்து, அகப்படும் குஞ்சுகளை எண்ணி, திரும்ப விட்டு, கணக்கெழுதி வருகிறார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே முறையில் தொடரும் இந்தக் கணக்கு என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்துவது. ஃபியோட்டின் தொர்ஸ்க் எந்த அளவுக்கு இல்லாமற் போய்விட்டது என்பதைக் காட்டிய சான்றுகளுள் இதுவும் ஒன்று.

பெரிய படகுகள் அள்ளிக்கொண்டு போகும்போது என் ஒற்றைத் தூண்டிலால் என்ன வந்துவிடப் போகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி; விடை எதிர்பாராதது. 2005 முதல் 2013 வரை நோர்வேயின் தெற்குக் கரையாகிய ஸ்காகெறாக் கரையில் 9,000க்கும் மேற்பட்ட தொர்ஸ்க் மீன்களுக்கு அடையாளச் சீட்டுக் குத்தி விட்டு, அவற்றை யார் பிடிக்கிறார்கள் என்று ஆராய்ந்தார்கள். அந்தக் கரையோரத்தில் தொழிலுக்காகப் பிடிப்போரைவிடப் பொழுதுபோக்காகப் பிடிப்போரே அதிகம் எடுத்தார்கள் என்பது தெரியவந்தது. ஒருவர் எடுப்பது சிறிதுதான். ஆனால் ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு மாலையிலும் யாரோ ஒருவர் நிற்கிறார், அவர் எடுப்பது எந்தப் பதிவிலும் வருவதில்லை.

தூண்டிற்காரர் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது அநீதி. வயல்களிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும் வரும் நைதரசன், வெப்பமடையும் நீர், கடற்புல்லை மூடிவிடும் நூற்பாசி, பல ஆண்டு இழுவைமடி எல்லாம் சேர்ந்துதான் இந்த நிலை. உள்ஃபியோட்டின் வாசலாகிய துறோபாக்கில் நீருக்கடியில் உள்ள மேடு ஏறத்தாழ 20 மீற்றர் ஆழத்திலேயே இருப்பதால், அடிநீர் எளிதில் மாறுவதும் இல்லை. தடை வந்து ஆண்டுகள் பல கடந்தும் மீன் திரும்பவில்லை. அப்படி நலிந்த இடத்தில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு குஞ்சும் முக்கியம் என்பதே என் எண்ணம்.

கடையில் தொர்ஸ்க் மலிந்து கிடக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். அது வடக்கே பாரன்ட்ஸ் கடலில் வளர்ந்து லொஃபோதன் பக்கம் முட்டையிட வரும் வேறொரு கூட்டம். எண்பதுகளில் வந்த நம்மவர் பலரும் நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில்தான் வேலை தொடங்கினோம். பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய அந்த மீனை வெட்டிய கைகளுக்கு, தொர்ஸ்க் தீர்ந்துபோகும் என்ற எண்ணமே வராது. யாழ்ப்பாணத்தின் மீனவர் ஊரான குருநகரிலிருந்து 1956இல் இங்கு வந்த அன்ரனி ராஜேந்திரம் அவர்கள் முதலாக, நோர்வேத் தமிழரின் வரலாறே மீனோடு பிணைந்தது. ஆகவே இந்த விதிகளை நாம் மற்றவர் சொல்லிக் கேட்காமல் நாமே அறிந்து நடப்பது நமக்குப் பெருமை.

இனி நடைமுறை. மீனை இனங்காண்பதற்குத் தாடையைப் பாருங்கள். கீழ்த்தாடையின் நடுவில் தெளிவாகத் தொங்கும் ஒற்றை மீசையும், மார்புச் செட்டைக்கு மேல் வளைந்து செல்லும் வெளிர்நிறப் பக்கக்கோடும், மேற்புறத்தில் புள்ளிகளும் இருந்தால் அது தொர்ஸ்க். பாசிக்குள் வளர்ந்த குஞ்சு செம்பழுப்பாகவும் இருக்கும்; நிறத்தைக் கண்டு ஏமாற வேண்டாம். முதுகு கரும்பச்சையாகவும் பக்கக்கோடு நேராகவும் இருந்தால் அது சை என்ற வேறு மீன். மார்புச் செட்டையின் அடியில் கரும்புள்ளி இருந்தால் அது வித்திங் என்ற இன்னொரு மீன். விடுவதற்கு முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். கொளுக்கியின் முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால், மீனை நீருக்குள் வைத்தபடியே கழற்றலாம். இறால் துண்டு குத்திய சிறுகொளுக்கிகளைக் குஞ்சுகள் தொண்டைவரை விழுங்கிவிடும் என்பதால், கரையோரப் பாசிப்பக்கம் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

போகுமுன் மீன்பிடித் திணைக்களத்தின் 'ஃப்ரீதிட்ஸ்ஃபிஸ்கே' செயலியைத் தொலைபேசியில் இறக்கி, நிற்கப்போகும் இடத்தின் விதியைப் பாருங்கள். 2026 தொடக்கத்திலிருந்து ஃபியோட்டின் சில பகுதிகளில் கட்டுப்பாடுகள் மேலும் இறுகியுள்ளன. அனுமதி உள்ள இடத்தில், கோடையில் கூட்டமாக வரும் மக்ரெல் குழம்புக்கு மிக நல்ல மீன். அதையும் அன்றைக்குச் சமைக்கும் அளவுக்கே எடுங்கள். அதன் தொகையும் சரிந்து, 2026இற்கான பிடியை 70 விழுக்காடு குறைக்கும்படி சர்வதேசக் கடலாய்வு மன்றம் அறிவுறுத்தியிருக்கிறது. விலாங்கைப் பொழுதுபோக்காகப் பிடிப்பது 2009 முதல் தடை. நம் வீடுகளில் மீன் ஈரலை விரும்பிச் சாப்பிடுவோம். கரையோரத்தில் தாமே பிடித்த மீனின் ஈரலை யாரும் உண்ண வேண்டாம் என்று இங்குள்ள உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை எச்சரித்திருப்பதால், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை முதலில் சொல்லிவையுங்கள்.