மொயில்வ்ரே: கேள்வியும் பதிலும்

வேல்ஸின் வடக்கே, ஆங்கிள்சி தீவில் இருக்கும் மொயில்வ்ரே என்ற சிற்றூரைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அக்கா, பார்க்க அங்கே அப்படி என்ன இருக்கிறது?

கூழாங்கல் நிறைந்த சின்னக் கரை. அதை ஒட்டி வெள்ளையடித்த பழைய வீடுகள். ஒருகாலத்தில் ஹெர்ரிங் மீன்பிடியும் கப்பல் வேலையும்தான் ஊரின் பிழைப்பு. கரையோரப் பாதையில் வடக்கே நடந்தால், எதிரே கடற்பறவைகள் அடையும் சிறு தீவு தெரியும். காலடியில் படிப்படியாகக் கடலுக்குள் இறங்கும் சுண்ணாம்புப் பாறை. அலை இல்லாத நாளில் கால் நனைத்து உட்காரலாம் போல இருக்கும். 1859இல் ராயல் சார்ட்டர் என்ற பயணிகள் கப்பலை உடைத்ததும் இதே கரைப் பாறைதான்.

கரைக்கு அவ்வளவு பக்கத்தில் உடைந்த கப்பலில் ஏன் அத்தனை பேர் இறந்தார்கள்? இடுப்பில் கட்டிய தங்கம்தான் காரணமா?

தங்கம் ஒரு காரணம், முதல் காரணம் அல்ல. மெல்போர்னிலிருந்து லிவர்பூலுக்கு வந்த கப்பல் அது. ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கங்களில் சம்பாதித்துத் திரும்பியவர்கள் பலர். சிலர் தங்கத்தை இடுப்பில் கட்டியிருந்தார்கள், அந்தக் கனம் நீரில் அவர்களை இழுத்தது என்கிறார்கள். 1859 அக்டோபர் 25 இரவு காற்று திசைமாறி, வடகிழக்கிலிருந்து வீசும் புயலானது. நங்கூரம் போட்டார்கள், சங்கிலிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. பாய்மரங்களை வெட்டிச் சாய்த்தும் பலனில்லை. முதலில் மணலில்தான் தட்டியது. விடியும் நேரத்தில் ஏறிய கடல் அதைத் தூக்கிப் பாறையில் அடித்து இரண்டாக்கியது. நீரில் மூழ்கியவர்களைவிட, பாறையில் மோதி இறந்தவர்களே அதிகம் என்கிறார்கள். பயணிகள் பட்டியலும் கப்பலோடு போனதால், இறந்தவர்கள் சுமார் 450 பேர் என்றுதான் சொல்ல முடிகிறது. தப்பியவர்கள் 40 பேர் அளவில். தப்பியவர்களில் ஒரு பெண்ணோ குழந்தையோ இல்லை.

தங்கத்தை ஊர்க்காரர்கள் அள்ளிக்கொண்டதாகப் படித்தேனே?

அந்தப் பேச்சு அன்றே கிளம்பியது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. ஜோ ராட்ஜர்ஸ் என்ற மால்டா நாட்டு மாலுமி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு அந்தக் கடலில் நீந்திக் கரை சேர்ந்தார். ஊர் ஆண்கள் 28 பேர் கைகோத்து அலைக்குள் இறங்கி, கரைக்கு வந்தவர்களை இழுத்துப்போட்டார்கள். பக்கத்து லனால்கோ தேவாலயத்தில் சடலங்களைக் கிடத்தினார்கள். அங்கிருந்த பாதிரியார் ஸ்டீபன் ரூஸ் ஹியூஸ், உறவினர்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதினார். செய்தி அறிந்து வந்த சார்லஸ் டிக்கன்ஸ் அவரைப் பற்றி மனமுருகி எழுதியிருக்கிறார். 1862இல் பாதிரியார் காலமானார். அந்தச் சுமைதான் அவரைக் கொன்றது என்று ஊரில் நம்புகிறார்கள், நானும் நம்புகிறேன்.

வானிலை எச்சரிக்கைக்கும் இந்த விபத்துக்கும் தொடர்பு உண்டாமே, மேடம்?

உண்டு. அந்தப் புயலில் பிரிட்டன் கரையெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் போயின. டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் கேப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் அப்போது அரசின் வானிலைத் துறைக்குத் தலைவர். புயல் வருவதைத் தந்தி மூலம் துறைமுகங்களுக்கு முன்கூட்டியே சொல்லும் ஏற்பாட்டை 1861இல் அவர் தொடங்கினார்.

கடலைப் பார்த்து நிற்கும் வெண்கலச் சிலை யாருடையது?

உயிர்காப்புப் படகின் தலைவர் டிக் எவன்ஸ். 1959 அக்டோபர் 27 அன்று, அதாவது ராயல் சார்ட்டர் உடைந்து ஏறக்குறைய சரியாக நூறாண்டு கழித்து, ஹிண்ட்லி என்ற சரக்குக் கப்பல் அதே கரையில் சிக்கியது. வழக்கமான படகு பழுதுபார்ப்பில் இருந்ததால் மாற்றுப் படகில் போனார். ஹிண்ட்லியின் புரொப்பல்லர் தலைக்கு மேல் சுழல, திரும்பத் திரும்பப் படகைக் கப்பலோடு ஒட்டவைத்து எட்டுப் பேரையும் இறக்கினார். அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1966இல் ஒரு கிரேக்கக் கப்பலுக்கும் உதவப் போய், இரண்டாவது தங்கப் பதக்கம் பெற்றார். உயிர்காப்புப் படகுச் சங்கத்தில் அது மிக அரிது. சிலைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கடல் காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள்.

பழங்கால இடம் ஏதும்?

தின் லிக்வி. ரோமானியர் காலத்துக் குடியிருப்பின் கற்சுவர்கள் மரங்களுக்கிடையே நிற்கின்றன. அருகே கற்காலப் புதைகுழி ஒன்று. மூடுகல் மட்டும் சுமார் 25 டன்.

குழந்தைகளோடு போகலாமா?

தாராளமாக. ஆனால் ஊர்க் கரையில் கூழாங்கல் வழுக்கும். மணலில் விளையாட லிக்வி கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். கரையோரப் பாதையிலேயே நடந்துவிடலாம். கப்பல் உடைந்த இடத்துக்கு மேலே நினைவுக்கல் இருக்கிறது. அங்கே காற்று பலமாக வீசும், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.