நாய்க்குட்டி இரவில் எங்கே படுக்க வேண்டும்: வீட்டிலா, கொட்டிலடியிலா?

கேள்வி: மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கம் பெரும்போக வேளாண்மை செய்வதோடு ஒரு சிறிய ஆட்டுக் கொட்டிலும் வைத்திருக்கிறேன். கொட்டிலுக்கும், பிற்காலத்தில் வயலில் இராக்காவலுக்குத் தங்கும் வாடிக்கும் காவலாக இருக்கட்டும் என்று ஏழு கிழமைக் குட்டி ஒன்றைக் கொண்டு வந்துள்ளேன். வீட்டுக்குள் படுத்துப் பழகிய நாய் காவல் காக்காது, இப்போதே கொட்டிலடியில் கட்டு என்கிறார் மாமா. குட்டி இரவு முழுவதும் அழுகிறது, மழையும் தொடங்கிவிட்டது, உள்ளே எடுப்போம் என்கிறார் மனைவி. எதைச் செய்வது?

பதில்: தை மாதம் முடியும் வரை குட்டியை இரவில் சுவருக்குள்ளேயே படுக்க வையுங்கள், பகலில் ஆடுகளோடு விடுங்கள். இரவைப் பற்றி உங்கள் மனைவி சொல்வது முற்றிலும் சரி. நாயை ஆடுகளோடு சிறு வயதிலேயே பழக்க வேண்டும் என்ற எண்ணத்தில் மாமா சொல்வதும் சரியே. ஆனால் அந்தப் பழக்கம் குட்டியின் மனதில் பதிவது பகல் வேளையில்தான், தனியே கட்டிக்கிடந்து அழும் இரவில் அல்ல.

முதலில் குளிரைப் பார்ப்போம். ஏழு கிழமைக் குட்டியின் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. இதுவரை தாயோடும் கூடப் பிறந்தவற்றோடும் ஒட்டிக் கிடந்து அவற்றின் சூட்டிலேயே தூங்கிய உயிர் அது. மட்டக்களப்பில் மார்கழி இரவுகள் பெரும்பாலும் 22, 23 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். உலர்ந்த குட்டிக்கு அது பெரிய குளிரல்ல. ஆனால் நாயின் உடல் வெப்பம் 38 பாகைக்கு மேற்பட்டது என்பதால், வாடைக்காற்றோடு அடிக்கும் சாரலில் நனைந்து, ஈர மண்ணில் கிடந்தால் அச்சூடு மிக விரைவாக இறங்கிவிடும். குட்டி சோர்ந்து, பால் குடிக்க மறுத்து, நியூமோனியா வரை போய்விடலாம். நமது பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையிலேயே பெய்கிறது. உங்கள் குட்டியின் மிகப் பலவீனமான மாதங்களும் அவையே.

குளிரைவிட நான் அதிகம் அஞ்சுவது, குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ வைரசுக்கு. பிறந்தவுடன் குடித்த முதற்பாலிலிருந்து தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டிக்குக் கிடைக்கிறது. அது ஆறாம் கிழமை தொடங்கிப் பதினாறாம் கிழமைக்குள் படிப்படியாகக் குறைந்து மறைகிறது. அது ஓரளவு இருக்கும் வரை தடுப்பூசி முழுமையாகப் பிடிக்காது. குறைந்த பின்போ, ஊசி பிடிக்கும் வரை குட்டிக்கு எந்தக் காப்பும் இல்லை. இதனால்தான் பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டுக் கிழமை வயதில் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தடவையாகப் பதினாறு கிழமை வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஒரு ஊசியோடு நிறுத்திவிட்டு, "ஊசி போட்டும் குட்டி செத்துவிட்டதே" என்று வருந்தும் குடும்பங்கள் ஏராளம். திறந்த கொட்டிலடிக்கு இரவில் கட்டாக்காலி நாய்கள் வந்து மோந்து பார்த்து, மலம் கழித்துவிட்டுப் போவதை நாம் காண்பதில்லை. அந்த மலத்திலிருந்து மண்ணில் சேரும் பார்வோ வைரஸ் மாதக் கணக்கில் உயிர்ப்போடு இருக்கும், சாதாரணச் சவர்க்காரத்துக்கும் அடங்காது. உங்கள் வளவில் அண்மையில் ஒரு குட்டி இரத்தக் கழிச்சலில் இறந்திருந்தால், சீமெந்துத் தரையை நன்றாகக் கழுவி, வீட்டுப் பாவனைக்குரிய பிளீச் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு நீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடமாவது ஊறவிடுங்கள். மண் தரையை அப்படிச் சுத்தப்படுத்த முடியாது. அங்கே குட்டியை விடாதிருப்பதே வழி.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி இதற்குப் புறம்பானது. அரசாங்கம் அதை இலவசமாகப் போடுகிறது. எப்போது, எங்கே என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே கட்டிய குட்டியை இரவில் எது கடித்தது என்று ஒருவருக்கும் தெரியாது, அதே குட்டியோடு காலையில் பிள்ளைகள் விளையாடுவார்கள். அது யாரையாவது கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

இனி மாமாவின் கவலை. நாய்க்குட்டி தன் உலகத்தில் யார் யார் உண்டு என்று பதித்துக்கொள்ளும் காலம், ஏறத்தாழ மூன்றாம் கிழமையிலிருந்து பன்னிரண்டு, பதினான்காம் கிழமை வரையானது. ஆடு காக்கும் நாய்களை வளர்க்கும் நாடுகளில் குட்டிகளை இந்த வயதில் ஆடுகளோடு சேர்ப்பதன் காரணம் இதுவே. ஆகவே காலைப் பால் கறந்ததும் குட்டியைக் கொட்டிலுக்குக் கொண்டு போங்கள். அதன் பகல் உணவை ஆடுகளின் பக்கத்திலேயே வையுங்கள். குட்டி ஈன்ற மறி சில வேளை முட்டும் என்பதால், நாய்க்குட்டி மட்டும் நுழையக்கூடிய இடைவெளி விட்டு, மூலையில் பலகைத் தட்டி ஒன்று வைத்துவிடுங்கள். அது அங்கே புகுந்து, வெளியே பார்த்து, மறுபடி மெல்ல வந்து ஆட்டின் மூக்கை மோந்து பழகும். ஆட்டுக்குட்டிகளைத் துரத்தினாலோ காதைப் பிடித்து இழுத்தாலோ, உறுக்கிச் சொல்லி உடனே விலக்குங்கள், அடிக்க வேண்டாம். நாள் முழுவதும் பிள்ளைகளின் கையிலேயே இருந்தால் அது பிள்ளைகளின் நாயாகத்தான் வளரும். மாமா அஞ்சுவது இதைத்தான் என்றால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்நியரைக் கண்டு நின்று குரைக்கும் காவற்குணம் பெரும்பாலான நாய்களில் ஆறு மாதத்துக்குப் பிறகுதான் உறுதிப்படுகிறது. அதற்கு முன் நரியின் ஊளையிலும் இடிமுழக்கத்திலும் தனியே கிடந்து நடுங்கிய குட்டி துணிச்சலான நாயாவதை விட, நிழலைக் கண்டும் குரைக்கும் நாயாகவோ, பயத்தில் கடிக்கும் நாயாகவோ ஆவதற்கே வாய்ப்பு அதிகம்.

வீட்டுக்குள் என்று நான் சொல்வது படுக்கையறையையோ சாமி அறையையோ அல்ல. அடைத்த விறாந்தையின் ஒரு மூலை போதும். நிலத்திலிருந்து சற்று உயர்த்திய பலகையில் பழைய பன்பாயும் உலர்ந்த சாக்கும் விரியுங்கள். யூரியாச் சாக்கை விரிக்க வேண்டாம். குட்டி எதையும் கடித்து நக்கும், தையலில் ஒட்டியிருக்கும் பசளையும் வயிற்றுக்குள் போகும். களைநாசினி, பீடைநாசினிப் போத்தல்கள் அந்த மூலையில் இருந்தால் இன்றே அகற்றுங்கள். முதல் சில இரவுகள் யாராவது ஒருவர் அருகில் படுத்துக்கொண்டால் அழுகை தானாகக் குறையும். போத்தலில் இளஞ்சூட்டு நீர் நிரப்பித் துணியால் சுற்றி அருகில் வைப்பதும் உதவும். இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. படுக்கும் முன் ஒரு தடவையும் நடுச்சாமத்தில் ஒரு தடவையும் வளவுக்குள் ஒரே இடத்துக்குக் கொண்டு போங்கள்.

பிள்ளைகளின் பாயில் மட்டும் அதைப் படுக்க விடாதீர்கள். வட்டப்புழுவும் கொக்கிப்புழுவும் தாயிடமிருந்தே குட்டிக்கு வந்துவிடுகின்றன, அவை பிள்ளைகளையும் தொற்றும். பன்னிரண்டு கிழமை வரை இரண்டு கிழமைக்கு ஒரு தடவையும், பின்னர் ஆறு மாதம் வரை மாதந்தோறும் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். அளவு குட்டியின் எடையைப் பொறுத்தது, கால்நடை வைத்தியரே சொல்லட்டும்.

மாசியில் அறுவடை தொடங்கும் போது குட்டிக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கும், ஊசிகளும் முடிந்திருக்கும், நிலமும் காய்ந்திருக்கும். அப்போது அதே சாக்கையும் பலகையையும் கொட்டிலுக்கு மாற்றி, மழை ஒழுகாத கூரையின் கீழ், வேலி அடைத்த இடத்தில் படுக்க விடுங்கள். பழகிய மணமும் பழகிய ஆடுகளும் இருப்பதால் பெரும்பாலும் ஓரிரு இரவில் ஒத்துக்கொள்ளும். கயிற்றில் கட்டிவிட்டுப் போவதை நான் எந்த வயதிலும் விரும்புவதில்லை. கட்டிய விலங்கால் புடையன் பாம்பிடமிருந்து விலகவும் முடியாது, வெள்ளம் ஏறினால் மேட்டுக்கு ஓடவும் முடியாது.

வயல் வாடியைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். உங்கள் பக்கம் யானை வரும் பக்கம். அனுபவமில்லாத இளநாய் யானையைக் கண்டு குரைத்துவிட்டு, அது துரத்தியதும் எசமான் இருக்கும் இடத்துக்கே ஓடி வரும். ஒரு வயது நிரம்பி, கூப்பிட்டவுடன் வந்து அடங்கும் நாயாகிய பிறகே, அதுவும் நீங்கள் கூட இருக்கும் இரவுகளில் மட்டும், அழைத்துச் செல்லுங்கள்.

இதற்கிடையில் நாள்தோறும் குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். காது மடிப்பிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஈறு இளஞ்சிவப்பு மாறி வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவாகவோ உண்ணிக் காய்ச்சலாகவோ இருக்கலாம். வாந்தியோடு நாற்றமான கழிச்சலும் கண்டால் ஒரு இரவு பார்ப்போம் என்று காத்திருக்காமல், அன்றே கால்நடை வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.