என்.டி.வி.ஐ. அதிகமாக இருந்தால் அது நல்ல காடா?

"செயற்கைக்கோள் படத்தில் ஓர் இடம் வருடா வருடம் பச்சையாகிக்கொண்டே போனால், அங்கே உயிரினங்களும் பெருகுகின்றன என்று எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்துக்கொள்ளக் கூடாது. கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடரில் போய் நின்று பார்த்த பிறகு எனக்கு இதில் துளியும் சந்தேகமில்லை.

படத்தின் பச்சையை அளக்கும் என்.டி.வி.ஐ. என்ற எண் எப்படி வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பை இலை பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். திரும்பி வரும் இந்த இரண்டு ஒளிகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் -1க்கும் +1க்கும் இடையில் ஓர் எண் கிடைக்கும். அதுதான் என்.டி.வி.ஐ. அடர்காட்டில் 0.8 வரை போகும், காய்ந்த புல்லில் 0.3 பக்கம் நிற்கும். எந்தச் செடியின் இலை என்பது அதற்குத் தெரியாது.

கொடைக்கானலைச் சுற்றிய உயர்மலைகளில் மேடெல்லாம் புல்வெளி, பள்ளங்களில் சோலைக்காடு என்பதுதான் இயற்கை. புல்வெளியைத் தரிசு என்று நினைத்து அதில் சீகை (வாட்டில் என்னும் அயல் மரம்), தைலமரம், பைன் எல்லாம் நட்டார்கள். சீகைப் பட்டை தோல் பதனிட, தைலமரம் விறகுக்கும் கூழுக்கும். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, நாற்பது ஆண்டுகளில் அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. வெறும் பச்சையை மட்டும் பார்ப்பவருக்கு அதே மலை செழித்ததாகத்தான் தெரிந்திருக்கும்!

செயற்கைக்கோள் படத்திலிருந்து வரைந்த வரைபடத்தைச் சரிபார்க்க ஒரு பிப்ரவரியில் அங்கே போயிருந்தேன். திரையில் கரும்பச்சையாக இருந்த கட்டம் சீகைத் தோப்பு. உள்ளே தரை முழுக்க உதிர்ந்த பொடி இலை, ஒரு புல்கூட இல்லை. பத்தடி தள்ளி, திரையில் வெளிறிக் கிடந்த சரிவுக்கு வந்தேன். உறைபனியில் காய்ந்து வைக்கோல் நிறத்தில் இருந்தது புல். விலக்கினால் அடியில் மண் ஈரமாக இருந்தது. நடுவே முழங்கால் உயரக் குறிஞ்சிச் செடிகள், காட்டுமாட்டுச் சாணம், அதைக் குடைந்துகொண்டிருந்த வண்டுகள். வரையாடும் நெட்டைக்காலிப் பறவையும் நம்பி வாழ்வது இப்படிப்பட்ட திறந்த புல்வெளியைத்தான். எண் குறைவாக இருந்த இடத்தில்தான் உயிர் இருந்தது.

அப்படியென்றால் செயற்கைக்கோள் வீணா? இல்லவே இல்லை. ஒரு நாள் படத்தை வைத்து முடிவு கட்டுவதுதான் தவறு. சென்டினல்-2 என்ற செயற்கைக்கோள் சில நாட்களுக்கு ஒருமுறை, பத்து மீட்டர் கட்டங்களாகப் படமெடுக்கிறது. ஒரே கட்டத்தின் எண்ணை ஆண்டு முழுக்க வரைந்து பாருங்கள். புல்வெளியின் கோடு பனிக்காலத்தில் சரிந்து மழைக்குப் பின் ஏறும். சீகை வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். மிஞ்சியிருக்கும் புல்வெளித் துண்டுகளை இப்படித்தான் பிரித்தெடுக்கிறோம். எங்கே சீகையை அகற்றினால் புல் திரும்பும் என்று யோசிப்பதற்கு அந்த வரைபடம்தான் ஆதாரம்.

சோலைக்குள் வேறு சிக்கல். இலை ஓரளவுக்கு மேல் அடர்ந்துவிட்டால் எண் அதற்கு மேல் அசையாது. அங்கே மர உயரமும் அடுக்குகளும்தான் பேசும். அதற்கு விண்வெளி நிலையத்திலிருந்து லேசரால் அளக்கும் கெடி கருவியின் தரவு உதவும்.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், நடந்து பழகிய ஓர் இடத்தையே எடுங்கள். சென்டினல் படங்கள் இலவசம். மாதத்துக்கு ஒரு மதிப்பு வீதம் மூன்று வருடக் கோட்டை வரையுங்கள். அப்புறம் அதைக் கையில் வைத்துக்கொண்டு, கோடு சரியும் மாதத்தில் ஒருமுறை, ஏறும் மாதத்தில் ஒருமுறை அங்கே போய்க் குனிந்து பாருங்கள்.